பெட்டிக்குள் மிஞ்சிய இடம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ட்ராம் ஓட்டுநர்களான எங்களுடைய ஓய்வறையில் தேநீரும் கையுமாக இருந்தேன். கைபேசியில் ஒரு முறைப்பாடு வந்து விழுந்தது.

'குஷன் உறைகள் இரண்டும் மிக அழகு, நன்றி. என் கேள்வி அஞ்சல் செலவைப் பற்றியது. நான் வாங்காத பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?'

மூன்று தடவை வாசித்தேன். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

வாங்காத பொருளா? என்ன பொருள்? ஒன்றுமே விளங்கவில்லை.

இந்தப் பத்தியைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். என் மனைவி வசந்தி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. 'இருந்து செய்கிற வேலையாகப் பாருங்கள்' என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால் பழைய சேலைகளை வெட்டிக் குஷன் உறை தைத்து இணையத்தில் விற்க ஆரம்பித்தாள். சரிகைக் கரை வைத்த உறை என்றால் நோர்வேக்காரர்கள் மயங்கிப்போகிறார்கள். கடை ஒழுங்காக ஓடினால் கோடை விடுமுறையோடு சமையலறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்பது அவளுடைய எண்ணம்.

தைப்பதும் பொதி கட்டுவதும் அவள். முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது நான்.

"நீங்கள்தானே கிழமைக்குக் கிழமை பேப்பரிலை எழுதுறியள். இதுக்கும் ரெண்டு வரி எழுதிவிடுங்கோவன்" என்றாள். எழுதுகிறவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்!

சும்மா சொல்லக்கூடாது. தையலைப் பற்றி ஒரு குறை வந்ததில்லை. நிறத்தைப் பற்றி வந்ததில்லை. வந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான் — ஃப்ரக்த். இந்த ஊரில் அஞ்சல் செலவுக்கு அதுதான் பெயர். எங்கள் வீட்டிலும் அதே பெயர்தான்.

இரண்டு குஷன் உறைக்கு இவ்வளவு ஃப்ரக்த்தா? எல்லோரும் கேட்டார்கள்.

முதலில் கேட்டவருக்கு ஒரு முழுப்பக்கம் எழுதினேன். நலம் விசாரித்து, வாழ்த்துச் சொல்லி, பிறகு விஷயத்துக்கு வந்தேன். இந்த நாட்டின் மலைகள், சுரங்கப் பாதைகள், பனிக்காலத்தில் வாகனங்கள் படுகிற பாடு, எரிபொருள் விலை... ஒன்றையும் விடவில்லை. எழுதி முடித்தபோது எனக்கே அஞ்சல்காரர்கள்மேல் இரக்கம் வந்தது.

பதில் வந்தது. ஒரே வரி. 'அப்படியா. ஆனாலும் அதிகம்தான்.'

சரி, வேறு வழி பார்ப்போம் என்று 'அஞ்சல் இலவசம்' போட்டேன். செலவை உறையின் விலைக்குள் சேர்த்துவிட்டேன். எவ்வளவு கெட்டித்தனம்! அந்த வாரமே ஒரு பெண்மணி ரயில் ஏறி ஹொல்ம்லியாவுக்கு, எங்கள் வாசலுக்கே வந்து நின்றார். "நானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன். அப்படியானால் விலையில் இருக்கும் ஃப்ரக்த்தைக் கழிப்பீர்கள்தானே?" என்று சிரித்தபடி கேட்டார். அவர் கேட்டது நியாயம். நான் செய்ததும் நியாயம் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நியாயங்களுக்கு நடுவே நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழித்துத்தான் கொடுத்தேன். அன்றோடு இலவசத்தை எடுத்துவிட்டுப் பழையபடி ஃப்ரக்த்தைத் தனியாகப் போட்டேன்.

அடுத்தது மேற்குக் கரையில் உள்ள ஸ்தவாங்கர் நகரில் இருந்து ஒரு தமிழ் எஞ்சினியர். கோயம்புத்தூர்ப் பையன். தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

"சார், கவர் ரேட் ஓகே. ஷிப்பிங்தான் சார் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. ஏதாச்சும் பார்த்துப் பண்ணுங்க சார்."

தமிழில் கேட்டதும் நான் கடைக்காரன் என்பதை மறந்துபோனேன்.

"அதுக்கென்ன தம்பி, அந்தப்பக்கம் ஆரும் வந்தால் குடுத்து விடுறன்."

"சரிங்க சார். யார் வர்றாங்க?"

"அது இப்ப சொல்லேலாது."

"எப்ப வருவாங்க சார்?"

"அதுவும் தெரியாது தம்பி. ஆரும் வருவினம்தானே?"

பாவம், அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. விமான நிலையத்துக்குப் போகிற எந்த இலங்கைத் தமிழரின் பையிலும் இன்னொருவரின் பொதி ஒன்று இருக்கும் என்பது எங்களுக்கு இயல்பான விஷயம். மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரமும் எங்கள் ஆட்கள் ஒருவரும் ஸ்தவாங்கர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை! அவர் கொள்வனவை ரத்துச் செய்துவிட்டுக் கடையின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டார்: 'யார் கொண்டுவருவார் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.'

இடையில் ஒரு வயதான பெண்மணியிடமிருந்து விசித்திரமான செய்தி ஒன்று வந்தது. 'பெட்டியில் வைத்திருந்த நிரப்புப் பொருள் மிகச் சுவையாக இருந்தது. ஆனாலும் ஃப்ரக்த் அதிகம்.' பெட்டிக்குள் ஆடாமல் திணிக்கிற நிரப்புப் பொருளைச் சாப்பிட்டாரா? வயதானவர், ஏதோ தடுமாறி எழுதிவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

எஞ்சினியரின் குறிப்பை வாசித்த அன்று வசந்தி சொன்னாள். "இன்னுமொரு ஆள் ஃப்ரக்த் கூட எண்டு எழுதினால் நான் கடையைப் பூட்டிப்போட்டு, பேசாமல் சமையலறையிலையே நிண்டிடுறன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை முறைப்பாடு. வசந்திக்குத் தெரியாமல் எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வேலை முடிந்து வழமையைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்தேன். அவள் மேசையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளில் நான் அதைப் பார்த்ததே இல்லை. அவள் சொன்ன பெட்டி அளவைக் கடைப் பக்கத்தில் பதிந்ததோடு என் வேலை முடிந்தது.

பெட்டியின் அடியில் இரண்டு குஷன் உறைகள். அவற்றின்மேல் ஒரு கிலோ முறுக்கு. பக்கத்தில் ஒரு தேயிலைப் பைக்கற்.

"இது என்ன?"

"முறுக்கு."

"அது தெரியுது. குஷன் உறைப் பெட்டிக்குள்ளை முறுக்கு ஏன்?"

"இடம் மிஞ்சுதெல்லே?"

"அப்ப நீர் சின்னப் பெட்டியிலை அனுப்பலாமே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சின்னப் பெட்டியிலை அனுப்பினால் முறுக்கை எங்கை வைக்கிறது?"

நீங்களே சொல்லுங்கள், இதற்கு என்ன பதில்?

"காசையும் வாங்கிப்போட்டு ரெண்டு துணியை மடிச்சு வெறுமனே அனுப்புறதோ? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்றாள்.

அப்போதுதான் எல்லாம் வெளித்தது. குஷன் உறைகள் மட்டும் என்றால் மெல்லிய காகித உறையில் போட்டுத் தபால் பெட்டியின் வாய்க்குள் தள்ளிவிடலாம். அதற்குள் நுழைகிற பொதிக்குச் செலவு பாதிகூட வராது. நானோ மாதக்கணக்கில் மலையையும் பனியையும் குற்றம் சொல்லி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்! நீண்ட பதில் எழுதுகிறவனுக்குக் கேள்வி விளங்கவில்லை என்றுதான் அர்த்தம். நான் எழுதியதெல்லாம் மிக நீண்ட பதில்கள்.

வசந்தியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கனடாவில் இருக்கும் தங்கைக்குப் பொதி அனுப்பும்போது பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, சத்தம் கேட்டால் இன்னும் எதையாவது திணிக்கிறவன் நான்தானே?

வேறு வழியில்லாமல் அந்த முறைப்பாட்டைக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அப்ப... நான் சும்மா குடுத்த முறுக்குக்கு அவை காசு கட்டியிருக்கினம்."

"தெரிஞ்சு செய்யேல்லைத்தானே."

அவள் எழுந்துபோய்த் தையல் மெஷினைத் துணியால் மூடினாள். கடையைப் பூட்டிவிடுவேன் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே பதில் எழுதினேன். மலை இல்லை, பனி இல்லை. 'முறுக்கு எங்கள் அன்பளிப்பு. அதன் அஞ்சல் செலவும் எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். மன்னியுங்கள், மேலதிகக் காசு திரும்பி வரும்.' ஐந்து நிமிடத்தில் 'எல்லாம் சரி' என்று பதில் வந்தது. அவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா இது?

வசந்தி இரண்டு நாள் மெஷின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மூடியை எடுத்தாள். கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து, உறைகளை மட்டும் மெல்லிதாக மடித்து அனுப்பினாள். ஃப்ரக்த் பாதிக்கும் கீழே இறங்கியது. முறைப்பாடுகள் நின்றன. ஆனால் அவளுடைய முகம் தெளியவில்லை. பொதியை ஒட்டும்போது ஏதோ பிழை செய்கிறவள் மாதிரித்தான் ஒட்டினாள்.

இந்த வாரம் மறுபடியும் ஒரு செய்தி. நிரப்புப் பொருளைச் சாப்பிட்ட அதே பெண்மணி.

'இம்முறை ஃப்ரக்த் குறைவு, மகிழ்ச்சி. ஆனால் உள்ளே மொறுமொறுப்பாக ஒன்றும் இல்லையே? தைப்பவருக்குச் சுகமில்லையா?'

மறுபடியும் குழம்பிப்போனேன். இது முறைப்பாடா, விசாரிப்பா? என்ன பதில் எழுதுவது? வசந்தியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள்.

"சுகமோ எண்டு கேக்கிறா..." என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

சனிக்கிழமை வீடெல்லாம் எண்ணெய் வாசம். மேசையில் ஒரு அட்டை. கீழே இருக்கும் தபால் பெட்டியின் வாயை அளந்து வந்து, அதே அளவில் அட்டையில் துளை வெட்டியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய ஊரின் பருத்தித்துறை வடை — அப்பளம் போல மெல்லியது. இரண்டை எண்ணெய் படாமல் தாளில் சுற்றி, குஷன் உறைகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, அட்டைத் துளைக்குள் விட்டாள். வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது.

"போற வழியிலை நொறுங்கிச்சுதெண்டால்?" என்றேன்.

"அதுக்குப் பதில் எழுதத்தானே நீங்கள் இருக்கிறியள்." பிறகு, அடுத்த பொதியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அதோடை, நான் கோடையோடை வேலையை விடுறன் எண்டு சமையலறை மனேச்சருக்கும் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. மலை, பனி ஒண்டும் வேண்டாம்... ரெண்டு வரி காணும்."