மாடுகள் தண்ணீர் குடித்த படகு

அலுமினியப் படகு ஒன்று விலைக்கு வருகிறது, பார்க்கப் போகிறோம் என்று நான் சொன்னதும் எங்கள் தெருப் பெண்கள் குழாயடியிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்கள். வருஷத்தில் பாதி நாள் வைகையில் மணலைத்தான் பார்க்கிறோம், மதுரைக்காரிக்கு எதற்குப் படகு? சிரிக்கட்டும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் வீட்டுக்காரர்கள் யாரும் லாரி டியூபில் உட்கார்ந்து கண்மாய்க்கு நடுவில் தூண்டில் போடுவதில்லை.

என் வீட்டுக்காரர் போடுவார். எழுபதுகளின் கடைசியில், நல்ல மழை பெய்து கண்மாய்களெல்லாம் நிறைந்து கிடந்த சமயம் அது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மனிதர் வீடு தங்க மாட்டார். டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். நானும் பிள்ளைகளும் பின்னாலேயே பஸ் பிடித்துப் போய்க் கரையில் உட்கார்ந்திருப்போம். மீன் மாட்டுகிறதோ இல்லையோ, அவர் திரும்பும்வரை நடுத்தண்ணீரில் தெரியும் அந்தப் புள்ளியை விட்டு நான் கண்ணை எடுக்க மாட்டேன். ஒரு ஞாயிறு, தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்து முள் குத்தி டியூப் புஸ்ஸென்று போய்விட்டது. அவருக்கு நீச்சலும் அரைகுறை. தண்ணீர் குடித்து, தட்டுத்தடுமாறிக் கரையேறியவரைப் பிள்ளைகள் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுத்த வாரம் பஞ்சர் ஒட்டிய டியூபோடு மறுபடியும் வாசலில் நிற்கிறார்! இவரைத் தண்ணீரிலிருந்து பிரிக்க முடியாது, டியூபிலிருந்துதான் பிரிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

லாரி ஓட்டும் என் அண்ணன்தான் அந்தப் படகைப் பற்றிச் செய்தி கொண்டுவந்தார். சோழவந்தானுக்கு அப்பால் ஒரு மில் முதலாளியின் தென்னந்தோப்பில் கிடக்கிறதாம். மகன்களுக்காக வாங்கியது, மகன்கள் வெளியூர் போய்விட்டார்கள். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு குடும்பமே உட்காரலாமாம்; அப்படியென்றால் நானும் ஏறலாம் அல்லவா? பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். பஸ் சமயநல்லூர் தாண்டுவதற்குள் என் வீட்டுக்காரர் படகுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, யார் எங்கே உட்காருவது என்பதையும் முடிவு செய்துவிட்டார்.

போய்ப் பார்த்தால், மாமரத்தடியில் கிடந்த படகுக்குள் தலையை விட்டு மாடுகள் கழுநீர் குடித்துக்கொண்டிருந்தன. விளிம்புவரை புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கலந்த தண்ணீர்.

என் வீட்டுக்காரர் குதிக்காத குறைதான். "பாத்தியா, ஒரு சொட்டு ஒழுகல! உள்ள இருக்க தண்ணி வெளிய வரலன்னா, வெளித் தண்ணி மட்டும் எப்படி உள்ள வரும்? பேசாம வாங்கிருவோம்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் மாட்டு எச்சில் பட்டதைத் தேய்க்காமல் எடுத்துப்போக மனசு வரவில்லை. கழுவிவிட்டுப் பேசலாம் என்றேன்.

"மாடு குடிச்சு முடிக்கட்டும்க்கா" என்றார் தோப்புக் காவல்காரர்.

மாடுகளுக்கு ஒரு அவசரமும் இல்லை. ஒருவழியாக அவை நகர்ந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். காய்ந்த புண்ணாக்கு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே வெள்ளி மாதிரி பளபளவென்று தகடு. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது, அடியும் நல்ல அகலம். சந்தோஷத்தில் எனக்குக் கை வலியே தெரியவில்லை.

தோப்பை ஒட்டியே கண்மாய். இழுத்துப்போய்த் தண்ணீரில் விட்டதும் என் வீட்டுக்காரர் தாவி ஏறினார். கொஞ்ச நேரத்தில் குனிந்து காலைப் பார்த்தார். அடித்தகட்டு ரிவிட்களைச் சுற்றித் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது அந்தப் புண்ணாக்குதான்!

"நல்லாருந்த படகத் தேச்சே ஓட்டையாக்கிப்புட்டியே" என்றார், பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கோபமாக வாயைத் திறந்தவள், அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

அண்ணன் குனிந்து பார்த்தார். "மாப்ள, ரிவிட்டு லூசாயிருக்கு, அம்புட்டுத்தான். லாரிக்குப் பாடி கட்டுற பட்டறையில குடுத்தா இறுக்கித் தந்துருவாங்க."

சரி, இறுக்கலாம். நடுக்கண்மாயில் ரிவிட் மறுபடி விட்டுக்கொண்டால்? என் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைச் சொன்னதும் காவல்காரர், "இது முங்காதுக்கா. உக்கார்ற பலகைக்கு அடியில தெர்மாகோல் அடைச்சிருக்காம். சின்ன முதலாளி சொல்லுவாக" என்றார்.

"சொன்னாப் போதுமா? முக்கிப் பாத்துருவோம்" என்றேன்.

அண்ணன் படகை மார்பளவு தண்ணீருக்குத் தள்ளிப்போய்ப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து, வாளியால் கண்மாய்த் தண்ணீரை மொண்டு மொண்டு படகுக்குள் ஊற்றினார்.

"ஊரு உலகத்துல தண்ணிய வெளிய எறைப்பாக, நீங்க உள்ள ஊத்துறீகளே!" என்று காவல்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

தண்ணீர் என் வீட்டுக்காரரின் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறியது. விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இறங்கியபோது, "அழகரே" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"முங்கல! ஏய், முங்கலடி!"

கண்ணைத் திறந்தால், தண்ணீரில் பாதி உடம்போடு கைகளை அடித்து ஆர்ப்பாட்டம் செய்கிறார். அண்ணன் இரண்டு கையாலும் அழுத்தினார். படகு கொஞ்சம் தாழ்ந்து, முரண்டு பிடித்துக்கொண்டு மேலே வந்தது.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. சேலையோடு இறங்கிவிட்டேன். "ஏத்தா, நீ எங்க வார?" என்று அண்ணன் கத்தக் கத்த, அவர் தோளைப் பிடித்து ஏறி உள்ளே உட்கார்ந்தேன். படகு இன்னும் கொஞ்சம் இறங்கி, நின்றது. சில்லென்ற தண்ணீர், புண்ணாக்கு வாசனை, பலூன் மாதிரி உப்பிய சேலை. கரையிலிருந்து புள்ளியாக மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர், முழங்கால் என் முழங்காலில் இடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. அதை நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வாங்கிருவோமா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் எந்திரிக்க மாட்டேன். நீங்க போயி வெலையப் பேசிட்டு வாங்க" என்றேன்.