கண் திறக்காத குட்டி

என் மகன் இன்று ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். இன்னும் கண் திறக்காத குட்டி. அது முனகியதும் மாரியூரில் எங்கள் கருவாட்டுக் களம் நினைவுக்கு வந்தது.

நான் சிறுவனாயிருந்தபோது என்னைப் பெற்ற அய்யாவும் இப்படித்தான் களத்துக் காவலுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். "கண்ணு முழிக்கையில என்னையத்தான் பார்க்கணும். அப்பத்தான் களத்தை விட்டுப் போகாது" என்றார்.

பாலில் நனைத்த துணியை வாயில் வைத்தேன். அதற்கு உறிஞ்சத் தெரியவில்லை. தாய் நாய் மடி கனத்து வேலிக்கு வெளியே நின்றது.

"ஒரு வாட்டி குடிக்க விடுங்கய்யா."

"குடிச்சா தாய் பின்னாடியே போயிரும்லே" என்று தாயைக் கல்லால் அடித்தார்.

விடிந்தபோது குட்டி விறைத்துக் கிடந்தது. அய்யா அதை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார். "இந்தா, ஒம்பிள்ளை." தாய் அதன் மூடிய கண்களை நக்கிக்கொண்டே இருந்தது.

மகன் குட்டிக்குப் பால் கேட்டான்.

"தாய் எங்கன?" என்றேன்.

"பின்னாடியே வந்துச்சுப்பா. கல்லால அடிச்சு வெரட்டிட்டேன்."