கதவில்லாத வரிசை

எட்மண்ட் மாமாவிடம் அவருடைய வண்டியைப் பற்றி மட்டும் யாரும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய வேலை கெட்டது. டீசல் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது, கிளட்ச் எப்போது மாற்றினார், சென்னீர்குப்பத்து மெக்கானிக் ஃபயாஸ் என்ஜினைக் காது வைத்துக் கேட்டு என்ன சொன்னான், எல்லாம் வரிசையாக வரும். "ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிகீது. இன்னும் மெத்த மேல போற மாதிரி போவுது" என்று முடிப்பார். இந்தப் பத்து வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் மனைவி ஞானகுமாரியிடம் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அவளும் அந்த வண்டியில்தான் போகிறாள். கடைசி வரிசையில் போகிறாள்.

அதனால் அவளுக்குப் பதில் நான் சொல்கிறேன். நான் ஹெலினா, அவளுடைய தங்கை. அயனம்பாக்கத்தில் இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இரண்டு குடும்பத்திலும் பெயர் உண்டு.

அது ஏழு பேர் உட்காரும் வண்டி. முன்னால் இருக்கிறவர்களுக்குக் கதவு உண்டு. நடுவில் இருக்கிறவர்களுக்கும் உண்டு. பின்னால் இருக்கிறவர்களுக்குக் கதவே கிடையாது. நடு சீட்டுக்காரர் இறங்கி, வெளியே நின்று, லீவரை இழுத்து சீட்டை மடித்துவிட்டால்தான் பின்னால் இருப்பவர் மண்ணை மிதிக்கலாம். அங்கே உட்கார்ந்தால் முட்டி தாடையைத் தொடும். ஏசி காற்று நடு வரிசையோடு களைத்துப்போய் நின்றுவிடும். பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் உள்ள ஒவ்வொரு வேகத்தடையையும் என் அக்காவின் முதுகெலும்பு தனித்தனியாக அறியும். மாமா சொல்லும் மெத்தை முன் சீட்டோடு சரி.

2015 வெள்ளத்தில் திருமுல்லைவாயல் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, இவர்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றார்கள். இனிமேல் உயரமான வண்டி இல்லாமல் இருக்க மாட்டேன் என்று மாமா அங்கேயே முடிவு கட்டினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர், சொன்னதைச் செய்கிறவர். அடுத்த வருஷமே வண்டி வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். முதல் பயணம் வேளாங்கண்ணிக்கு.

அன்று காலையில்தான் எல்லாம் தீர்மானமானது. மாமாவின் அக்கா ராஜம்மா, அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் இல்லாத தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவர். "அக்கா, நீதான் முன்னாடி ஒக்காரணும்" என்று மாமா கையைப் பிடித்து உட்கார வைத்தார். நடுவில் மாமாவின் கல்யாணம் ஆகாத தம்பி, மகன் டேனி, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர். புளிசாதக் கூடையோடு வெளியே நின்றுகொண்டிருந்தவள் என் அக்கா மட்டும்தான்.

"குமாரி, நீ பின்னாடி ஏறிக்க. நம்ம ஊட்டு ஆளுங்க நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றார் மாமா.

ஏறினாள். அவ்வளவுதான். கோயிலில் எங்கள் ஆட்கள் ஒரு தடவை உட்கார்ந்த பெஞ்சை ஆயுசுக்கும் விடமாட்டார்கள் இல்லையா, அதே கதைதான். சொந்தக்காரர்கள் மாறினார்கள், டயர் மாறியது, பேட்டரி மாறியது. அக்காவின் இடம் மட்டும் மாறவில்லை. மாமாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குரல் உயர்த்தாத மனிதர். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அடிக்கடி சொல்வார். தன் பெண்டாட்டி தானே வளருவாள் என்று எந்தப் பழமொழியிலும் இல்லை, அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அக்கா கேட்காமலும் இல்லை. "ஒரே ஒரு தபா நான் முன்னாடி ஒக்காந்துகினு வர்றங்க. எதிர்ல ரோடு எப்படி வருதுன்னு பாக்கணும்" என்று ஒரு ஈஸ்டர் அன்று கேட்டிருக்கிறாள். மாமா சிரித்துவிட்டு, "அக்காவ எப்படி எழுப்பறது குமாரி, நல்லாவா இருக்கும்?" என்றாராம். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. என்னிடம் சொல்லும்போது அழுதாள். ஒரு சீட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கப்பட்டும் அழுதாள்.

பயணம் என்றால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். அவள் ஒருத்தி ஒதுங்குவதற்கு நடுவில் இருக்கிற மூன்று பேர் இறங்க வேண்டும், அதில் ஒருவராவது தூக்கத்திலிருந்து எழுந்து உச்சுக் கொட்டுவார். அதைவிட நாக்கு வறண்டு கிடப்பது மேல் என்பாள். டீக்கடையில் வண்டி நின்றால் எல்லாரும் இறங்குவார்கள். அவளுக்கு மட்டும் நடு ஜன்னல் வழியாக டம்ளர் வரும். அந்த ஜன்னலும் பாதிதான் திறக்கும்.

எனக்குக் கோபமெல்லாம் ராஜம்மா அக்கா மேல்தான். முன் சீட்டில் பல்லக்கில் வருகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வருவார். ரோட்டைப் பார்க்கக்கூட மாட்டார். பார்க்காதவருக்கு எதற்கு முன் சீட்டு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நர்ஸாக இருந்த மனுஷிக்குப் பின்னால் ஒருத்தி மூச்சு முட்டுவது தெரியாதா? கல் நெஞ்சு என்று அவரைப் பற்றிப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

போன மே மாதம் டேனிக்கு நிச்சயதார்த்தம். பெண் ஷோபனா, வானகரத்துப் பெண், அங்கேயே ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். நான் ஆட்டோ பிடித்து முன்னாலேயே போய்விட்டேன். இவர்கள் வண்டி மதுரவாயல் பைபாஸ் நெரிசலில் மாட்டி, நல்ல வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தது. வாசலில் பேண்டு வாத்தியம் காது கிழிய முழங்கிக்கொண்டிருந்தது.

சீர்த் தட்டுகளையெல்லாம் அக்காவைச் சுற்றித்தான் அடுக்கியிருந்தார்கள். மடியில் இரண்டு, பக்கத்தில் மிச்சம். எங்கள் பக்கம் தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். மாமா அதில் மகா கண்டிப்பு. வண்டி நின்றதும் நடு சீட்டுக்குப் பின்னால் கைகள் நீண்டன. "தட்டக் குடு, தட்டக் குடு" என்று ஆளுக்கு ஒன்றாக வாங்கினார்கள். பெண் வீட்டுக்காரர்களும் ஓடி வந்து வாங்கினார்கள். மாமா வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினார். "பதினொண்ணு. கரெக்டா கீது" என்றார். மண்டபத்துப் படியிலிருந்தே ரிமோட்டை அழுத்தி வண்டியைப் பூட்டினார். தட்டை எண்ணிய மனிதர் ஆளை எண்ணவில்லை.

"டேனி, சீட்ட மடிச்சி உடுடா" என்று அக்கா கத்தியிருக்கிறாள். பேண்டு சத்தத்தில் யார் காதில் விழும்? போன் முன்னால் சார்ஜில் கிடந்தது. ஜன்னல் மூடியிருந்தது. எப்போதோ எந்தச் சொந்தக்காரர் குழந்தைக்காகவோ போட்ட, உள்ளிருந்து திறக்க விடாத சைல்டு லாக் நடுக்கதவு இரண்டிலும் எடுக்காமலே கிடந்தது. வெளியே மே மாத வெயில். கண்ணாடி வழியாகத் தன் மகன் மாலை போட்டுக்கொண்டு உள்ளே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உள்ளே நான், "அக்கா எங்க மாமா?" என்றேன்.

"பின்னாடி வர்றா பாரு" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல்.

பின்னால் யாரும் வரவில்லை. வெளியே ஓடினேன். அப்போதுதான் வண்டியின் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு அல்ல, அழுத்திய கையை எடுக்காத ஹாரன். பட்டுப்புடவையோடு, வீங்கின முட்டியோடு, நடு சீட்டைத் தாண்டி, கியர் மேல் காலை வைத்துத் தாண்டி, டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள் என் அக்கா. முகம் ரத்தமாகச் சிவந்து வேர்த்து ஊற்றியது. பக்கத்திலேயே கதவு. ஒரு இழுப்பு இழுத்தால் திறந்திருக்கும். திறக்கவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தாள். வந்து திறக்க வேண்டியவர்கள் வந்து திறக்கட்டும் என்று இருந்தது அந்தப் பார்வை.

மாமா ஓடி வந்தார். பாதித் தூரத்திலேயே, "வண்டிக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் உள்ளே இருப்பது யார் என்று பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன், எனக்கே பாவமாக இருந்தது. கதவைத் திறந்தார். அக்கா இறங்கினாள், குழாயில் முகம் கழுவினாள், உள்ளே வந்தாள். நிச்சயம் நல்லபடி முடிந்தது.

திரும்பும்போது டேனி நண்பர்களோடு பைக்கில் போய்விட்டான். நாங்கள் வண்டிக்கு வந்தபோது அக்கா முன் சீட்டில் ஏறி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ராஜம்மா அக்காவை எங்கே உட்கார வைப்பது என்பதும் அதே நேரத்தில் வந்து நின்றது.

"குமாரி, இன்னிக்கி நீ ஒக்காரு, தப்பில்ல. ஆனா அக்கா கால் வலியோட..." என்று இழுத்தார்.

"எனக்கும் கால் கீது" என்றாள் அக்கா.

நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். ராஜம்மா அக்கா ஒரு வார்த்தை பேசட்டும், பத்து வருஷத்துக்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று புடவைத் தலைப்பைச் செருகினேன். அந்த அம்மாள் நேராக நடுக்கதவைத் திறந்து, உள்ளே ஏறி, சீட்டில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"அவ அங்கியே ஒக்காரட்டும்டா. எனக்கு முன்னாடி ஒக்காந்தா பயம்" என்றார்.

மாமா, "இன்னாக்கா சொல்ற?" என்றார்.

"கேஷுவால்டில எத்தினி வருஷம் வேல பாத்தேன். ஆக்சிடென்ட் ஆச்சின்னா முன்னாடி ஒக்காந்தவங்களத்தான் மொதல்ல தூக்கினு வருவாங்க. எதிர்ல ஒரு லாரி வந்தா எனக்கு அவங்க மொகம்தான் தெரியும். அதான் கண்ண மூடிக்குவேன். நீ தாய் மாரின்னு சொல்லி ஆசயா ஒக்கார வெச்ச. வேணாம்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படும். அதான் ஜெபம் பண்ணிகினே வருவேன், எப்படா ஊடு வரும்னு."

எனக்குச் செருகின தலைப்பை எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. கல் நெஞ்சு என்று யார் யாரிடமெல்லாம் சொன்னேனோ, அத்தனை பேர் முகமும் ஞாபகம் வந்தது. முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, இரண்டு பேரும் இறங்கினால் போதும் என்றே பத்து வருஷம் வந்திருக்கிறார்கள்.

"அப்போ இத்தினி வருஷம் நான் யாருக்குத்தான் நல்லது செஞ்சேன்?" என்றார் மாமா. வண்டியை எடுத்தார். அன்று பின் வரிசை காலியாக வந்தது. அக்கா வழி முழுக்க எதிரே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில், "அந்த மேம்பாலம் எப்ப கட்னாங்க?" என்று கேட்டாள். அது கட்டி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணம் ஆனது. அடுத்த வாரம் புது ஜோடியோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப நான் போயிருந்தேன். அக்கா முன்னால். ராஜம்மா அக்கா நடுவில் ஜன்னலோரம், கண்ணைத் திறந்துகொண்டு. அடுத்து மாமாவின் தம்பி. அதற்கடுத்து டேனி ஏறி உட்கார்ந்தான். பின்னால் பாதி சீட்டில் பைகள். புதுத் தாலி மினுமினுக்க வெளியே நின்றுகொண்டிருந்தவள் ஷோபனா மட்டும்தான்.

டேனி தங்கமான பிள்ளை. மனைவியிடம் ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னான்: "ஷோபி, நீ ஒல்லியாதான கீற, பின்னாடி ஏறிக்கயேன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குக் குனிந்தது. மாமா சாவியைத் திருகினார். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

முன்கதவு திறந்தது. அக்கா பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள். மருமகளுக்காக இவளே மறுபடியும் பின்னால் போகப் போகிறாள் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், "நீ எதுக்கு எறங்கற குமாரி?" என்று பதறினார்.

அக்கா ஷோபனாவின் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். "டேனி, எறங்கு" என்றாள். அவன் புரியாமல் இறங்கினான். அவளே லீவரை இழுத்தாள், சீட்டை மடித்தாள்.

"ஏறு."

ஆறடிப் பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தான். "மம்மி, இங்க எனக்கு காலு இடிக்கும்" என்றான்.

"தெரியும்" என்றாள் அக்கா. "ஏறு."