டிரைவர் இறங்கி வர வேண்டும்

எங்கள் கண்டெய்னர் யார்டின் வாசலில் எனக்கு ஒரு அறை உண்டு. பழைய கண்டெய்னர் பெட்டி ஒன்றைக் குறுக்கே வெட்டி, துறைமுகச் சாலையைப் பார்த்து ஒரு ஜன்னல் வைத்த அறை. சாலைக்கு அந்தப் பக்கம் உப்பளம். பகலில் அங்கே பார்த்தால் கண் கூசும். அதனால் ஜன்னலுக்கு வந்து நிற்கிறவர்களின் கைகளைத்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்டி ஏற்றி வரும் லாரியின் டிரைவர் இறங்கி வந்து சீட்டை நீட்டுவார். நான் லாரி எண்ணையும் பெட்டி எண்ணையும் கம்ப்யூட்டரில் அடித்து, அச்சாகி வரும் தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தடுப்புக் கம்பு மேலே போவதற்கான பொத்தானை அழுத்துவேன். வேலை அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்பா சங்கு குளிக்கப் போனவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, படகில் ஏறினாலே வாந்தி. பேச்சும் ஒத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் வாய் திறக்காமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். "மாப்பிள்ளைக்குக் காது கேக்குமா?" என்று ஒரு வீட்டில் விசாரித்தார்களாம். அப்புறம் எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை. மற்ற நாளெல்லாம் யார்டு.

ஆனால் அந்த ஜன்னலில் நான் தனி ஆளாக இல்லை. கம்ப்யூட்டர் மெதுவானது, தாள் வர நேரம் எடுக்கும். அதுவரை டிரைவர்கள் ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவார்கள். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி ஏற்றி வருகிற ஒருவர் இருக்கிறார். அவர் வந்தால் தாள் மெதுவாக வரட்டும் என்று நினைப்பேன்.

"அண்ணாச்சி, நேத்து எம்பொண்டாட்டி கோழிக் குழம்பு வச்சா. உப்பு போட மறந்துட்டா. தெனமும் இம்புட்டு உப்புக்கு ஊடால லாரி ஓட்டுதேன், எனக்கு விதி பாத்தீயளா!"

நான் சிரிப்பேன். சிரிப்பது பேச்சில் சேர்த்திதான் என்று நினைத்திருந்தேன். அவர் மகள் நர்சிங் படிப்பது, அவர் சிறுநீரகத்தில் கல் இருப்பது, தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதது எல்லாம் எனக்குத் தெரியும். மற்ற டிரைவர்கள் வீட்டு நடப்பும் அப்படித்தான். அறைக்குத் திரும்பிச் சோறு வைக்கும்போது அவர்கள் சொன்னதையெல்லாம் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். அதுதான் எனக்குப் பொழுது.

இந்தக் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். யார்டுக்கு என்னென்ன தேவை என்று எழுத வந்தவர். மேனேஜருடைய ஏசி அறையில் வாரக்கணக்காக உட்கார்ந்து எழுதினார். வெயிலில் அவர் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. தலையணைத் தடிமனில் ஒரு புத்தகம் தயாரானது. மேனேஜர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது என்பது ஏற்பாடு. வெகுநாள் கழித்து, புத்தகத்தில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை கிளீனர் பையன்கள் ஓடிவந்து சீட்டை வீசிவிட்டுப் போவார்கள், என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் டிரைவரே இறங்கி வரவேண்டும் என்றாகிவிட்டது.

போன வருடம் அந்தக் கம்ப்யூட்டரை மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். இந்தத் தடவை வந்தது ஒரு பெண். திருச்செந்தூர்ப் பக்கம், அப்பா மளிகைக் கடைக்காரர். இப்போதெல்லாம் புத்தகம் எழுதுவதில்லையாம். கையகல அட்டையில் ஒரு தேவை. யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக, மூன்றும் அதில் இருக்க வேண்டும். அட்டைகளை மேலிருந்து கீழாக அடுக்கி, மேலே இருப்பதை இரண்டு வாரத்தில் செய்து கொண்டுவந்து காட்டுவார்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். பிறகு அடுத்த அட்டைகள்.

அந்தப் பெண் ஏசி அறையில் உட்காரவில்லை. என் அறைக்கு வந்து, மூலையில் கிடந்த ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லாண்டாம் அண்ணாச்சி. வேலையப் பாருங்க, நான் இங்கன இருந்து கவனிச்சுக்கிடுதேன்."

நாள் முழுக்க அந்த இரும்பு அறையின் சூட்டில் இருந்தாள். என் வேலையை அப்படி ஒருவர் கவனித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. போகும்போது சொன்னாள், "வண்டி நிக்குத நேரத்துல பாதி இந்த ஜன்னல்லதான் போகுது, இல்லியா?" தப்புக் கண்டுபிடிக்கிற குரல் இல்லை. நான் தலையாட்டினேன்.

மறுநாள் மேனேஜர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அவள் பழைய புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"டிரைவர் இறங்கி வந்து நேரில் கையெழுத்திட வேண்டும்னு ஒரு வரி இருக்கு சார். இத கேட்டது யாரு?"

மேனேஜர் யோசித்தார். "ஆடிட்டர் கேட்டிருப்பாரு."

ஆடிட்டருக்குப் போன் போட்டார்கள். அவர் கேட்கவில்லையாம். இன்ஷூரன்ஸ்காரர்களும் கேட்கவில்லை.

"அப்ப யாருமே கேக்கல சார்," என்றாள் அவள்.

சென்னைக்காரர் தானாகவே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு என்ன தேவை என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். அவர் எழுதிய அந்த வரியால்தான் இத்தனை வருடமாக மனிதர்கள் என் ஜன்னலுக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு அது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. அந்த வரியை எடுத்துவிடப் போகிறார்கள் என்பதும் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துச் செய்து காட்டினார்கள். டிரைவர் வரும் வழியிலேயே போனில் எண்ணை அனுப்பிவிடலாம். வாசலில் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், கம்பு தானே மேலே போகும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஏதாவது சிக்கல் என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். டிரைவர்கள் சார்பில் கோவில்பட்டிக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கொரு கருத்துச் சொல்ல வேண்டும். என் முறை வந்தால் சொல்வதற்கு மனதுக்குள் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். 'டிரைவர் இறங்கி வருவது நல்லதுதான் சார்.' கோவில்பட்டிக்காரர் முதலில் பேசினார்.

"ரொம்ப நல்லது சார். ஏறி எறங்க முட்டு வலிக்கி. அந்த வெயில்ல நின்னு தாளுக்குக் காத்துக் கெடக்கணும். அண்ணாச்சி நல்ல மனுசன்தான், ஆனா ஒரு வார்த்த பேச மாட்டாரு. ஏடிஎம் மிஷின் முன்னால நின்னு பேசுத மாரி நாமளே பேசிக்கிடணும். அதுவாச்சும் துட்டு தரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன்.

"உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணும் வேண்டாம்மா."

புது ஏற்பாடு ஓட ஆரம்பித்தது. நன்றாகவே ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். சாலையில் வரிசை குறைந்துவிட்டது. லாரி வரும், கம்பு மேலே போகும், லாரி உள்ளே போகும். கோவில்பட்டிக்காரர் மேலேயிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார், அதற்குள் வண்டி கடந்துவிடும். அவர் மகளுக்குப் பரீட்சை முடிந்ததா, கல்லைக் கரைத்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒருநாள் வீட்டுக்காரரிடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், குரல் கட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒருவரிடமும் பேசியிருக்கவில்லை.

அந்தப் பெண் மறுபடி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த முறையில் திரும்பத் திரும்ப வந்து கேட்பார்கள். அதுதான் எனக்கு வாய்த்தது. பழைய முறையாக இருந்தால் 'ஒண்ணும் வேண்டாம்' என்று நான் சொன்னதோடு முடிந்திருக்கும்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி? எதாச்சும் மாத்தணுமா?"

ஒரு லாரி போனது. இன்னொன்று போனது.

"டிரைவர் எறங்கி வரணும்," என்றேன்.

அவள் அட்டையை எடுத்தாள். வாசலில் இருக்கும் ஊழியருக்கு, என்று எழுதினாள். டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வர வேண்டும், என்று எழுதினாள். பேனா அங்கே நின்றது.

"எதுக்காகன்னு போடணும் அண்ணாச்சி. அது இல்லாம அட்டைய வைக்க முடியாது."

பாதுகாப்புக்காக என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் உடனே ஒத்துக்கொண்டிருப்பார். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாள் முழுக்க என் அறையின் சூட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"பேச," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "எழுதிரவா?"

"எழுதும்மா."

கூட்டத்தில் அந்த அட்டையை வாசித்தபோது சிரித்தார்கள். "இது என்ன தேவை?" என்றார் மேனேஜர். "யூசர் கேட்டது சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுக்கில் கடைசியாக வைத்தாள். அங்கே தவிர வேறு இடம் அதற்கு இல்லை என்று எனக்கே தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் மேலே இருப்பவற்றைப் பேசி முடிப்பதற்குள் டீ வந்துவிடும். என் அட்டை வரை யாரும் வரவில்லை. ஆனாலும் கூட்டம் என்றால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

போன மாதம் அவர்கள் வேலை முடிந்தது. கடைசிக் கூட்டத்தில், மீதமிருக்கும் அட்டைகளை யார்டிடம் ஒப்படைப்பதற்காக ஒவ்வொன்றாக வாசித்தாள். மேனேஜர் "வேண்டாம்" என்றால் கிழித்தாள், "இருக்கட்டும்" என்றால் தனியாக வைத்தாள். கேன்டீன் டோக்கன், வேண்டாம். எடைமேடைக்கு நிழல், இருக்கட்டும். என்னுடையது வந்ததும் வாசிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அதுவா. அதக் கிழிச்சிரு."

"அது இருக்கட்டும்," என்றேன்.

என் குரல் அந்த அறையில் அத்தனை பெரிதாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. யார் பேசியது என்று மேனேஜர் சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டதும் கோபப்படவில்லை, கொஞ்சம் திகைத்தார்.

"யாரும் செய்யப் போறதில்லய்யா."

"தெரியும் சார்."

"அப்ப வேற காரணமாச்சும் எழுதலாம்ல? நல்லதா ஒண்ணு?"

"வேண்டாம் சார். காரணம் அதுதான்."

அவர் அந்தப் பெண்ணின் கையிலிருந்த அட்டையை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, இருக்கட்டும்," என்றார். அந்தப் பெண் அட்டையை எடைமேடை அட்டையின் மேல் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். பின்வாசலுக்கு விளக்கு வேண்டும் என்று யாரோ கேட்டிருந்தார்கள்.