குகனின் இடது கண்

குகனின் இடது கண்ணைப் பறித்தவன் நான்.

அவனுடைய துவக்கு அல்ல. சுவரில் பட்டுத் திரும்பிய சன்னமும் அல்ல. என் கையில் இருந்த காற்றுத் துவக்கு, என் விரல். மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகிவிட்டன. இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூட. உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியாதவர் என்பதனாலா? இருக்கலாம்... கோழைகள் அந்நியரிடம்தான் வாய் திறப்பார்கள்.

நான் திகதிகளை எழுதி வைப்பவன். இந்த மொன்றியலில் எங்களுடைய ஆட்கள் யார், எந்த மாதம் வந்து இறங்கினார்கள், பார்க் எக்ஸ்டென்ஷனில் எந்தக் குடும்பம் எந்த மாடிக்குக் குடிபோனது, ஊரில் யாருடைய தகப்பன் எந்தத் திதியில் இறந்தார்... எல்லாம் என் கொப்பிகளில் உண்டு. திவசம் நெருங்கினால் என் தொலைபேசி ஓயாது. "அண்ணை, அப்பான்ர திதி இந்தமுறை எண்டைக்கு விழுது?" நான் சொல்லும் நாளில் அவர்கள் விரதம் இருப்பார்கள். ஐயர்கூட மறுத்துப் பேசியதில்லை.

இந்த நம்பிக்கையைத்தான் நான் கருவியாக்கினேன்.

1996 ஜூலை. கியூபெக்கில் கட்டட வேலைக்காரருக்கு விடுமுறை வந்தால் பாதி மாகாணமே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். நான் துணி வெட்டும் தொழிற்சாலையையும் இரண்டு வாரம் மூடிவிட்டார்கள். குகன் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைவிட எட்டு வயது இளையவன். ஒரே கட்டடத்தில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தான். அவனுடைய மச்சான் ராசன் புளோரிடாவில் கால்வாய்க் கரையில் வீடு வாங்கியிருந்தான். அங்கே வேட்டைக்குப் போவோம் என்று குகன் ஒற்றைக்காலில் நின்றான்.

வேட்டை என்றால், இகுவானா. உடும்பு போன்ற ஒரு பச்சைப் பிராணி. நான்கடி, ஐந்தடி நீளம். வேறு தேசத்திலிருந்து வளர்ப்பதற்கென்று கொண்டுவந்தவர்கள், சலித்ததும் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். அவை பெருகி, ராசனின் மனைவி வைத்த செவ்வரத்தைப் பூச்செடிகளை மொட்டையடித்து, கால்வாய்க் கரையைக் குடைந்துகொண்டிருந்தன.

"வந்தேறு குடி எண்டு சுடுறியோ மச்சான்? பாவம், ஒரு அகதி வழக்குப் போட விடன்!" என்றான் குகன், போய் இறங்கிய அன்று.

"நீ வழக்குப் போட்டு வெண்டனி. அது செவ்வரத்தையைத் திண்டிட்டுத் தோத்துப்போச்சு" என்றான் ராசன்.

இரண்டு காற்றுத் துவக்குகள் இருந்தன. குழலை மடித்து, ஒரே ஒரு ஈயச் சன்னத்தை வைத்து, மூடிச் சுட வேண்டும். ஒரு சூடு முடிந்தால் மறுபடி மடிக்க வேண்டும். தலையில் படவேண்டும் என்று ராசன் சொல்லித் தந்தான். வேறெங்கும் பட்டால் ஓடி ஒளிந்து, நாட்கணக்கில் கிடந்து சாகுமாம். "சுடுற கணம் வரைக்கும் விசையில விரல் வைக்கக் கூடாது. குகன், உனக்கும்தான் சொல்லுறன்!"

"அண்ணைக்குப் பயமில்லை. அவர் சுடமுன்னம் உடும்பிட்டப் பிறந்த திகதியைக் கேட்டுத்தான் சுடுவார்" என்றான் குகன்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நான் அதுவரை ஆயுதம் எதையும் தொட்டவன் அல்லன். என் அகதி விசாரணையில் அப்படித்தான் சத்தியம் செய்தேன்; அது உண்மை. இரண்டு பக்கத்துத் துவக்குகளுக்கும் பயந்து ஓடி வந்தவன் நான். பிறகு ஏன் அதைக் கையில் வாங்கினேன்? யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்ற சுதந்திரமா? ஒரு தடவையாவது பயப்படாத பக்கத்தில் நின்று பார்க்கும் ஆசையா? வெட்கத்தோடு சொல்கிறேன்... அது இனித்தது.

ஜூலையின் கடைசிப் புதன்கிழமை. காலை எட்டு மணி பத்து நிமிடம். கால்வாயின் கொங்கிறீட் சுவரோரம் நானும் குகனும் ஐந்தடி இடைவெளியில் நின்றோம். ராசன் வீட்டுக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சுவரின் மேல் ஓர் இகுவானா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் குறி வைத்தேன். விரலை விசையில் வைத்தேன்.

அப்போது ஹெலிகொப்டர் வந்தது.

உங்களுக்கு இது விளங்குமோ தெரியாது. மரங்களுக்கு மேலாக, மிகத் தாழ்வாக, அந்த இரைச்சல்... நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று! புளோரிடா இல்லை, கால்வாய் இல்லை. ஊரில் அந்த ஒலி கேட்டால், மேலிருந்து சுடுமுன் விழவேண்டும். விழுந்து படுத்து, முகத்தை மண்ணில் புதைக்க வேண்டும். என் உடம்பு விழுந்தது. பக்கத்தில் குகனும் விழுந்தான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவனும் விழுந்திருப்பான்.

விழும்போது என் கையில் ஓர் உதறல். "டப்" என்று ஒரு சிறிய ஒலி. அவ்வளவுதான்.

ஹெலி போய்விட்டது. நான் தலையைத் தூக்கினேன். குகன் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு முழந்தாளில் இருந்தான். விரல்களுக்கிடையால் இரத்தம். "அண்ணை, எனக்கு என்ன நடந்தது? அண்ணை, என்ன நடந்தது?" அதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

ராசன் ஓடிவந்தான். துவாயைக் கொடுத்து, அவனைத் தாங்கிக்கொண்டு காரை நோக்கிப் போனான். "அண்ணை, துவக்குகளை எடுத்து உள்ளுக்கை வைச்சிட்டு ஓடி வாங்கோ!"

நான் தனியாக நின்றேன். ஒரு நிமிடம் இருக்குமா? அந்த நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

குகனின் துவக்கை எடுத்துக் குழலை மடித்தேன். சன்னம் துளைக்குள் அப்படியே இருந்தது. அவன் சுடவில்லை! விபத்து என்று கத்தியிருக்கலாம். ராசனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். அவர்கள் என்னை மன்னித்திருப்பார்கள்... அன்றே, அந்த இடத்திலேயே மன்னித்திருப்பார்கள். அதுதான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது.

ஹெலி திரும்பி வந்தது. இந்த முறை நான் விழவில்லை. அந்த இரைச்சலுக்குள் குகனின் துவக்கைத் தண்ணீருக்குள் சுட்டேன். என் துவக்கில் புதிதாக ஒரு சன்னத்தை வைத்து மூடினேன். என் கை நடுங்கவேயில்லை.

இரண்டையும் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். பிறகு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் சீருடை அணிந்த ஒருவர் வந்தார். யாருடைய துவக்கு என்று கேட்டார். நடந்தபோது பக்கத்தில் நின்றவன் நான்தான் என்று ராசன் என்னை முன்னால் தள்ளினான். "அவனுடையதேதான். விழும்போது வெடித்தது. சுவரில் பட்டுத் திரும்பியிருக்க வேண்டும்" என்றேன். என் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு எளிது!

அப்போது என் மனைவி சாந்தி கொழும்பில், ஓர் அறையில், என் ஸ்பொன்சர் கடிதத்துக்காக மூன்றாவது ஆண்டாகக் காத்திருந்தாள். ஒருவனைச் சுட்டவன் என்று என் பெயர் எங்கேனும் பதிந்தால் அவளுடைய கோப்பு மூடப்படும் என்று நினைத்தேன். நினைத்தேனா... அல்லது அந்த நினைவைப் பிறகு தேடி எடுத்துப் பொருத்தினேனா? அந்த ஒரு நிமிடத்தில் சாந்தியின் முகம் எனக்குத் தோன்றவில்லை. பயம் மட்டுமே தோன்றியது. பெயரில்லாத, பழகிய பயம்.

அன்று மாலை ராசன் துவக்குகளை மடித்துப் பார்த்தான். "அண்ணைன்ர அப்படியே இருக்கு. குகன்ர வெறுமை. விரலை வைக்காதை எண்டு சொன்னனான்... கேட்டவனே?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொப்பியில் எழுதினேன். நாள், நேரம், இடம். "குகனின் துவக்கு தவறி வெடித்தது. சன்னம் சுவரில் பட்டுத் திரும்பியது. இடது கண். எனது துவக்கு சுடப்படவில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். யார் கேட்டார்கள்? குற்றமற்றவன் அப்படி ஒரு வாக்கியம் எழுதுவானா? யாராவது ஒருநாள் படித்து நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள் என்று எத்தனை இரவுகள் நடுங்கியிருக்கிறேன்! ஒருவரும் பார்க்கவில்லை.

கண்ணை எடுத்துவிட்டார்கள். குகன் டாக்சியை விட்டான். இப்போது லொங்குய்யில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிறான். சாந்தி 1997 இலையுதிர்காலத்தில் வந்து சேர்ந்தாள். அதே மாதம் குகனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதினேன்.

1998 ஜனவரியின் பனிமழை உங்களுக்கு நினைவிருக்கலாம். கம்பிகள் அறுந்து நகரம் குளிரில் உறைந்த நாட்கள். எங்கள் கட்டடத்தில் மேல்மாடிகளுக்கு மின்சாரம் இல்லை. என் வீட்டில் இருந்தது. குகனும் அவன் மனைவி மாலாவும் குழந்தையோடு எங்களிடம் வந்து தங்கினார்கள். ஒரு பின்னேரம், பெண்கள் அடுப்படியில் நிற்க, குகன் என்னருகில் வந்து இருந்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு நான் விசையில விரல் வைச்ச ஞாபகமே எனக்கில்லை. ராசன் சொன்னமாதிரி விரலை வெளியிலதான் பிடிச்சிருந்தன். கனவிலயும் அப்பிடித்தான் வருது."

உண்மையைச் சொல்லக் கதவு திறந்தே கிடந்தது. நான் நடந்து போயிருக்கலாம்!

எழுந்து போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். நிதானமாக, நாளும் நேரமும் சேர்த்து, வாசித்துக் காட்டினேன்.

குகன் தலையாட்டினான். "நீங்கள் எழுதினாச் சரியாத்தான் இருக்கும்" என்றான். பிறகு தன் கைகளை விரித்துப் பார்த்தான். "எனக்கு என்ர கையில நம்பிக்கை இல்லை அண்ணை. நான் நினைக்காமலே அது என்னவும் செய்யும். பிள்ளையைத் தூக்கவே பயமாக் கிடக்கு."

அடுப்படியிலிருந்து மாலாவின் குரல் வந்தது. "பின்னை? உடும்பு சுடப் போய்த் தன்ர கண்ணைத் தானே சுட்டுக்கொண்டு வந்த வீரன் இவர்! இவற்ற கையில பிள்ளையைக் குடுப்பனோ?" சாந்தி சிரித்தாள். குகனும் சிரித்தான்.

நான் கண்ணை மட்டும் எடுத்தேன் என்று அதுவரை எண்ணியிருந்தேன்...

சொல்லிவிடு என்கிறீர்களா? சொன்னால் அவனுக்குக் கைகள் திரும்பக் கிடைக்கும். தெரியும். நூறு தடவை அவன் கதவுவரை போயிருக்கிறேன். ஆனால் சொன்ன அந்த நொடியில், அவனுடைய அந்த ஒற்றைக் கண் என்னை எப்படிப் பார்க்கும்? சாந்தி என்னை எப்படிப் பார்ப்பாள்? தங்கள் தகப்பனின் திவசத்துக்கு நாள் கேட்டவர்கள் எல்லோரும் என்ன நினைப்பார்கள்? பயம்... இன்னும் அதே பயம்!

போன சனிக்கிழமை, வழக்கம்போல் எல்லோரும் கோயிலுக்குப் புறப்பட்டோம். எங்கள் கட்டடத்தின் வெளிப்படிக்கட்டு இரும்பாலானது. வளைந்து தெருவுக்கு இறங்கும். முதல் பனி விழுந்து படிகளில் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. மாலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து படித் தலைப்பில் நின்றாள். இரண்டு வயதாகிறது அதற்கு. குகன் கைகளை நீட்டவில்லை, பழகிவிட்டான். முன்னால் இறங்கிப் போய்த் தெருவில் நின்றான்.

"அண்ணை, நீங்கள் பிடியுங்கோ. உங்கட கையெண்டா எனக்குப் பயமில்லை" என்றாள் மாலா.

வாங்கினேன். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பதினேழு படிகள். ஒவ்வொரு படியிலும் கால் வழுக்கியது. ஒரு கையால் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். கீழே குகன் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"கவனம் அண்ணை" என்றான்.

நாளையும் சனிக்கிழமை.