மின்னஞ்சலில் தானாக வந்த தலைப்பு

கணவர் போன பிறகு கொடைக்கானலில் தனியாக இருக்கிறேன். ஒருநாள் உறைபனியில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பற்றிய செய்தியின் லிங்க்கை, கனடாவிலுள்ள மகனுக்கு மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினேன். லிங்க்குக்குக் கீழே தானாக ஒரு பெட்டி முளைத்ததைக் கவனிக்கவில்லை. அதில் அந்தத் தளத்தின் வேறொரு தலைப்பு பெரிதாக விழுந்திருந்தது: ‘கவனிக்க ஆளின்றித் தனியாக வசித்த மூதாட்டி மரணம்’.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தலைப்பைப் பார்த்து என்னை அழைத்தும் கிடைக்காமல் பதறிய மகன் பக்கத்து வீட்டுச் செல்வியை அழைத்திருக்கிறான்.

“யக்கா, வெரசா கதவத் தொறங்க! தம்பி அழுவுறாரு” என்றவள், திறந்ததும் போனை நீட்டினாள்.

“தனியா இருக்க முடியலையாம்மா? இப்படித் தலைப்பு அனுப்பாம நேரா சொல்லக்கூடாதா?” என்றான் மகன்.

“இல்லப்பா, அது தானா வந்துருச்சு” என்றேன்.

இப்போது அந்தப் பெட்டியை நீக்கிவிட்டுத்தான் அனுப்புகிறேன். மகன் பழையபடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறான்.