சாப்பாட்டு வளைவு

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், சரக்கு லாரிகள் கிளம்பும் கேட்டில், எந்த வண்டி எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்கிறவர் உதயசூரியன். முழங்கால் தேயும்வரை ஷான் மலைப் பாதையில் லாரி ஓட்டியவர். பாதை விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். யாராவது மறுத்துப் பேசினால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மலையேறும் தமிழ் டிரைவர்கள் எல்லாரும் ஒரே வளைவில்தான் வண்டியை நிறுத்திச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். அவர் பழக்கிவிட்ட இடம் அது. அவர் ஓட்டிய காலத்தில் மேலே அடர்ந்த காடு, கீழே நிழல். கல் உருளுவதெல்லாம் அடுத்த மொட்டைச் சரிவில்தான்.

ஆனால் அவர் வண்டியை விட்டு இறங்கினார் என்பதற்காக மலை அப்படியே நின்றுவிடுமா? மொட்டைச் சரிவில் விழ வேண்டியதெல்லாம் விழுந்து தீர்ந்து புல் முளைத்தது. சாப்பாட்டு வளைவிலோ சாலையை அகலமாக்கச் சரிவின் அடியை வெட்டினார்கள். மேலே காட்டை அழித்துச் சோளம் போட்டார்கள். நிலநடுக்கம் வேறு வந்து உலுக்கிவிட்டுப் போனது. மழைக்கு மழை தண்ணீர் உள்ளே இறங்கியது.

போன மழையில் சரக்கோடு இறங்கி வந்த டிரைவர் ராபர்ட், "அண்ணே, சாப்பாட்டு வளைவுக்கு மேல மண்ணு வாய் பொளந்து கெடக்கு" என்றான்.

"எனக்கே பாதை சொல்லித் தர்றியா? போய் லபெயே குடி, போ" என்று டீக்கடைப் பக்கம் விரட்டினார்.

மறுநாள் மலைக்குக் கிளம்பிய டிரைவர் செல்வத்திடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. செல்வம் வழக்கம்போல அங்கே நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தான். சரிவு அப்படியே இறங்கிவிட்டது. அவனுடைய வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து உதயசூரியன் சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுவார். ஒருவன் காலைத் தின்ற பாவி நான் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நேற்று செல்வத்தின் மனைவி ரேவதி, தன் தம்பி ரமேஷ்குமாரோடு கேட்டுக்கு வந்தாள். தம்பிக்கு அதே பாதையில் லாரி வேலை வேண்டுமாம்.

"வேற எங்கயாச்சும் நின்னிருந்தா உசுரே போயிருக்கும்னு அவரு சொல்றாரு மாமா. நீங்க காட்டுன எடமாச்சே. தம்பிக்கும் நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

தலையை ஆட்டி அனுப்பியிருக்கலாம். மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

"அந்த எடம் வெடிச்சுக் கெடக்குன்னு ராபர்ட் முந்தின நாளே சொன்னான்மா" என்றார். "நான்தான் நம்பல. ஒம் புருஷன்கிட்டச் சொல்லவும் இல்ல."

ரேவதி தம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவரு அங்க நின்னிருக்கவே மாட்டாரே மாமா."

"ஆமாம்மா" என்றார் உதயசூரியன்.